‘அந்தப் புஸ்தகத்த எடுத்து உள்ள வச்சிருங்க டீச்சர்’ என்று சொன்னால்

முப்பத்தொரு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். அதில் பதினான்கு வருடம் நூலகப் பொறுப்பும் என் தலையில்தான். தாமிரபரணிக் கரையில் இருக்கும் அந்தப் பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். நூலகம் என்றதும் பெரிய கூடத்தை நினைத்துவிடாதீர்கள். வேதியியல் ஆய்வகத்தை ஒட்டிய அறையில் நாலு பீரோ, அதில் ஒன்றுக்குச் சாவி கிடையாது. அவ்வளவுதான்.

இத்தனை வருடத்தில் எங்கள் பீரோவிலிருந்து ஆறு புத்தகங்கள் இல்லாமல் போயின. ஒன்றைக்கூட யாரும் தடை செய்யவில்லை. ஆணை இல்லை, சுற்றறிக்கை இல்லை, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. யாரோ வந்து வாயால் சொன்னார், நாங்கள் கையால் எடுத்தோம். பள்ளிக்கூடத்தில் புத்தகம் தடையாவது பெரும்பாலும் இப்படித்தான். அதனால் இங்கே சொல்லப்போவது ஒரே ஒரு வேலையைப் பற்றி: வாயால் வருவதைக் காகிதத்துக்குக் கொண்டுவருவது எப்படி. இப்போது நூலகப் பொறுப்பில் மாட்டிக்கொண்டிருக்கும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன். மாட்டிக்கொண்டு என்றுதான் சொல்ல வேண்டும், அந்தப் பொறுப்பை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

முதலில் நான் எப்படிக் கெடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகு, உரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் வந்தார். மகன் எங்களிடம் ஒன்பதாம் வகுப்பு. கூட இரண்டு பேர். கையில் ஒரு ஜெராக்ஸ் தாள், அதில் நாலு வரிக்கு மஞ்சள் மை. எங்கள் நூலகத்துச் சிறுகதைத் தொகுப்பு ஒன்றின் பக்கம் அது. கதையில் கூலியைப் பிடித்துவைக்கும் பண்ணையாருக்கு அண்ணாச்சியின் சாதி. “எங்க ஆளுக இப்படித்தான்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கியளா டீச்சர்?” என்று கேட்டார். சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, “எதுக்கு வம்பு, எடுத்து உள்ள வச்சிருங்க டீச்சர்” என்றார். நானும் எடுத்துக்கொண்டுபோய் ஆய்வக பீரோவில், பியூரெட் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தேன்.

அடுத்த மாதமே இன்னொரு சாதிச் சங்கத்துக்காரர் இன்னொரு புத்தகத்தோடு வந்துவிட்டார். “அவிய சொன்னா எடுப்பிய, நாங்க சொன்னா எடுக்க மாட்டியளோ?” நியாயமான கேள்விதானே. தீபாவளிக்குள் நாலு போய்விட்டது. அப்புறம் கணக்குத் தணிக்கை வந்தது. இருப்புப் பதிவேட்டில் புத்தகம் இருக்கிறது, பீரோவில் இல்லை. ஆய்வகத்தைச் சுத்தம் செய்தவர்கள் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டிருந்தார்கள். நாலு புத்தகத்துக்கும் சேர்த்து முந்நூற்று நாற்பது ரூபாய் என் கைக்காசு. புகார் சொன்னவரும் கட்டவில்லை, எடுக்கச் சொன்னவரும் கட்டவில்லை.

சண்டைக்கு முந்தைய வேலை

இது சலிப்பான வேலை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு புத்தகத்துக்கும் பதிவு எண் இருக்கட்டும். எப்படி வந்தது என்றும் எழுதுங்கள்: அரசு அனுப்பியதா, புத்தகத் திருவிழாவில் வாங்கியதா, யாராவது நன்கொடையாகக் கொடுத்ததா. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த நுழை, நட, ஓடு, பற என்ற நாலு படிநிலைப் புத்தகங்களைத் தனியாகப் பதியுங்கள். அவை துறையே தேர்ந்தெடுத்து அனுப்பியவை. யாராவது வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள் மட்டுமல்ல என்பது அந்த ஒரு வரியில் தெரியும். வழங்கல் பதிவேட்டில் எந்தப் பிள்ளை எப்போது எடுத்தது என்றும் இருக்க வேண்டும். ‘இதை ஐந்து வருடமாக நாற்பது பிள்ளைகள் எடுத்திருக்கிறார்கள், ஒருவரும் கெட்டுப்போகவில்லை’ என்று காட்ட முடிந்தால் பாதிப் பேச்சு முடிந்தது. பிள்ளைகளின் பெயரை மட்டும் வெளியாளுக்குக் காட்டிவிடாதீர்கள். எண்ணிக்கை போதும்.

ஆள் வந்துவிட்டார், இப்போது

உட்கார வையுங்கள். நின்றுகொண்டு பேசினால் யாருக்குமே சத்தம் ஏறும். மோரோ தண்ணீரோ கொடுங்கள். புத்தகத்தைப் பற்றி வாதாடாதீர்கள். இதுதான் தமிழாசிரியர்களுக்குக் கஷ்டம், உடனே இலக்கிய நயம் சொல்ல ஆரம்பித்துவிடுவோம். ஒரே ஒரு வாக்கியம் போதும்: “அண்ணாச்சி, நீங்க சொல்லுதத அப்படியே எழுதித் தாங்க, பாத்து முடிவு சொல்லுதோம்.”

நான் ஒரு பக்கத்துக்குப் படிவம் தயார் செய்து ஜெராக்ஸ் போட்டு வைத்திருந்தேன். புத்தகத்தின் பெயர், பதிவு எண். முழுவதும் படித்தீர்களா, இல்லையென்றால் எந்தெந்தப் பக்கம்? உங்களுக்குச் சரியில்லை என்று படுவது எந்த வரி? அது தகவல் பிழையா, கருத்தா, சொல்லா, பிள்ளையின் வயதுக்கு ஒவ்வாததா? என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்: உங்கள் பிள்ளைக்கு மட்டும் தர வேண்டாமா, மேல்வகுப்புக்கு மட்டும் தரலாமா, யாருக்குமே கூடாதா? கடைசியில் பெயர், பிள்ளையின் வகுப்பு, கையெழுத்து, தேதி.

பதினோரு பேருக்குக் கொடுத்தேன். திரும்பி வந்தது மூன்று. மற்ற எட்டுப் பேரும் பொய்யர்கள் என்று சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் வந்தது, கோபம் வந்தது, அவ்வளவுதான். ‘முழுவதும் படித்தீர்களா’ என்ற கேள்விக்கு முன்னால் அந்தக் கோபம் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்கிறது.

இந்தப் படிவம் என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்கப் பள்ளி நூலகங்களில் இது பழைய வழக்கம். முடிவு வரும்வரை புத்தகம் அலமாரியிலேயே இருக்க வேண்டும் என்பதும் அங்குள்ள நூலகச் சங்கம் சொல்வதுதான். நியூயார்க் மாநிலத்தில் ஒரு பள்ளி வாரியம் ஒன்பது புத்தகங்களை நூலகத்திலிருந்து எடுத்துவிட, மாணவர்களே வழக்குப் போட்டார்கள். அது 1982 இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. நீதிபதிகள் பிளவுபட்டுத்தான் தீர்ப்பளித்தார்கள். ஆனாலும் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பள்ளி நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுக்கக் கூடாது என்பதுதான் அதில் முதன்மைக் கருத்தாக நின்றது, பெரும்பான்மைத் தீர்ப்பாக இல்லை. அங்கேயும் சண்டை இன்னும் ஓயவில்லை, அது வேறு கதை.

‘முடிவு வரும்வரை அலமாரியிலேயே’ என்பதில் மட்டும் இளகிவிடாதீர்கள். ‘இப்போதைக்கு எடுத்து வைப்போம்’ என்று பியூரெட்டுக்குப் பின்னால் போன புத்தகம் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

யார் படித்து முடிவு செய்வது

மூன்று பேர் போதும். தமிழாசிரியர் அல்லாத ஓர் ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து ஒரு பெற்றோர், அந்தப் புத்தகத்தை ஏற்கெனவே பாடமாகவோ வாசிப்பாகவோ பிள்ளைகளோடு பேசிய ஒருவர். மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். முழுப் புத்தகத்தையும் படிக்க வேண்டும். மஞ்சள் மைப் பக்கத்தை மட்டும் படிக்கிறவர் குழுவில் வேண்டாம்.

நம்ம அபிஷேகப்பட்டியில் நடந்ததைப் பாருங்கள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. ஆங்கிலம் மூன்றாம் பருவத்தில் அருந்ததி ராய் மாவோயிஸ்டுகளோடு காட்டுக்குள் நடந்ததைப் பற்றி எழுதிய நூல் 2017 முதல் பாடமாக இருந்தது. 2020 நவம்பரில் ஒரு மாணவர் அமைப்பு புகார் கொடுத்தது. குழு கூடியது, நூல் போனது, அந்த இடத்தில் மா.கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள் வந்தன. கிருஷ்ணனின் எழுத்து எனக்கு உயிர். ஆனால் அவரை இப்படி இன்னொருவர் நாற்காலியில் உட்கார வைத்திருக்க வேண்டாம். மூன்று வருடம் அதை நடத்தியவர்களும் படித்தவர்களும் என்ன சொன்னார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டியது. குழு என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது என்பதற்காகச் சொல்கிறேன்.

முடிவு எதுவானாலும் அரைப் பக்கம் எழுதி, காரணம் சொல்லி, கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வையுங்கள். புகார் கொடுத்தவருக்கு ஒரு நகல்.

இன்னொரு எச்சரிக்கை. காகிதம் என்றேனே தவிர, எல்லாக் காகிதமும் காகிதம் ஆகாது. வாசலில் கூட்டத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மாதொருபாகன் நாவல் 2010 இல் வந்தது. நாலு வருடம் கழித்து அதற்கு எதிர்ப்பு கிளம்பி, 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் ‘சமாதானப் பேச்சு’ நடத்திப் பெருமாள்முருகனிடம் கையெழுத்து வாங்கினார்கள். எழுதுவதையே விடுகிறேன் என்று அவர் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்றது, அவரைத் திரும்ப எழுதச் சொன்னது. அதற்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. பள்ளிக்கூட வாசலில் நிற்கும் நமக்கு ஒன்றரை வருடம் இல்லை. “நாளைக்கு எழுத்துல பதில் தாரோம்” என்று சொல்லி உள்ளே போய்விடுங்கள்.

தடை என்ற சொல் யாருக்குச் சொந்தம்

வருகிறவர்கள் “இது தடை செஞ்ச புஸ்தகம்” என்று அடித்துச் சொல்வார்கள். பதறாதீர்கள். ஒரு நூலைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் மாநில அரசுக்கு இருக்கிறது. அதற்குக் காரணத்தைச் சொல்லி அறிவிக்கை வெளியிட வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95 ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98 ஆம் பிரிவு. அதை எதிர்த்து இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம், மூன்று நீதிபதிகள் கேட்பார்கள். ஆக, “அறிவிக்கை எண்ணும் தேதியும் குடுங்க” என்று கேளுங்கள். இருந்தால் கட்டுப்படுவோம். சங்கத் தலைவரோ, வார்டு மெம்பரோ, நாமோ எதையும் ‘தடை’ செய்ய முடியாது.

எட்டயபுரத்துக்காரரின் பாட்டுப் புத்தகத்தையே 1928 இல் பறிமுதல் செய்தார்கள். அப்போது எட்டயபுரம் திருநெல்வேலி ஜில்லாதான். வெள்ளைக்காரன் ஆணை போட்டுச் செய்தான். ஆணை இருந்ததால் சத்தியமூர்த்தி சட்டசபையில் எழுந்து கேட்க முடிந்தது. பியூரெட் பெட்டிக்குப் பின்னால் நான் வைத்ததைப் பற்றி யார் எங்கே எழுந்து கேட்பது?

மேலிருந்து தொலைபேசியில் சொன்னால்? அதே வைத்தியம்தான். அன்றைக்கே தலைமையாசிரியர் வழியாக ஒரு கடிதம்: ‘இன்று காலை தொலைபேசியில் தெரிவித்தபடி இந்த நூலை நூலகத்திலிருந்து அகற்றுவது தொடர்பாகத் தங்கள் எழுத்துப்பூர்வ ஆணையை வேண்டுகிறேன்.’ பணிவாகத்தான் இருக்கட்டும். இரண்டு முறை நான் இப்படிக் கேட்டேன், இரண்டு முறையும் ஆணை வரவில்லை, புத்தகமும் பீரோவிலேயே இருந்தது. பெற்றோரோ பழைய மாணவரோ கேட்பதானால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ‘இந்த நூல் எந்த ஆணையின்படி அகற்றப்பட்டது, நகல் தருக’ என்று ஒரே கேள்வி. முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

போலீஸ் புகார் வரை போனால் தனியாக நிற்காதீர்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே அங்கு கிடையாது. பல டீச்சர்களுக்கு இது தெரியாது.

புகார் சொல்பவர் பக்கம் நியாயம் இருந்தால்

இதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம்.

ஒரு வருடம், பத்தாம் வகுப்பில் ஒரு கதையை உரக்க வாசிக்கச் சொன்னேன். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி ஆளுக்கு ஒரு பத்தி. கதையில் ஒரு சாதிப் பெயர் வசவாக வரும். கதாசிரியர் அந்த வசவுக்கு எதிராகத்தான் எழுதியிருக்கிறார், அது எனக்குத் தெரியும். அந்தப் பத்தி வந்தபோது எழுந்த பிள்ளை அந்தச் சாதி. அவள் அந்தச் சொல்லுக்கு முந்தின சொல்லில் நின்றாள். விரல் வரியின் மேல் அப்படியே இருந்தது. பின் பெஞ்சில் இரண்டு பையன்கள் சிரித்தார்கள், ஒருவன் அந்தச் சொல்லை அவளுக்காக எடுத்துக் கொடுத்தான். கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டியிருந்தான். நான் “அடுத்தது” என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் அவள் அம்மா வந்தார். பீடிக்கட்டைத் தூக்குப்பையில் வைத்துக்கொண்டு, கடைக்குப் போகிற வழியில். சத்தமே போடவில்லை. “அந்தப் பாடம் வேண்டாம் டீச்சர்” என்றார். அவரிடம் படிவத்தை நீட்ட எனக்கு வாய் வரவில்லை. தப்பு கதையில் இல்லை, பதிவேட்டு வரிசையில் இருந்தது, என்னிடம் இருந்தது.

அதன் பிறகு இப்படிப்பட்ட கதைகளை நானே வாசிப்பேன். முந்தின நாளே வகுப்பில் சொல்லிவிடுவேன்: நாளைக்கு வரும் கதையில் ஒரு கெட்ட சொல் வரும், அதை ஏன் எழுதினார், யாருக்கு அது வலிக்கும் என்று பேசப்போகிறோம். சிரிக்கிறவனை விட்டுவிடாமல், ‘ஏன் சிரிச்ச, சொல்லு’ என்று உட்கார்ந்து கேட்பேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களே ஒரு பையனை வீடு புகுந்து வெட்டிய பிறகு, நம்ம பக்கத்துப் பள்ளிகளில் சாதி வரும் கதை என்றாலே கை நடுங்குகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கயிறு கட்டச் சொல்லிக்கொடுத்தது எந்தக் கதையும் இல்லை. கதையை எடுத்துவிட்டால், வகுப்பில் அதைப் பற்றிப் பேசக் கிடைக்கும் ஒரு மணி நேரமும் போய்விடும்.

தகவல் பிழை என்ற புகாரும் தனி ரகம். மத்திய வாரியத்தின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில், மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டம் பற்றிய பகுதி இருந்தது. தெற்குத் திருவிதாங்கூரில், ஆரல்வாய்மொழி தாண்டினால் வந்துவிடுகிற ஊர்களில் நடந்தது. எங்களைத் தவறாகச் சித்திரித்திருக்கிறார்கள் என்று நாடார் சமூகத்தார் எதிர்த்தார்கள். திருத்தம் கேட்க அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு, பட்டது அவர்கள் பாட்டிமார். ஆனால் கடைசியில் என்ன ஆயிற்று? 2017 தேர்வுக்கு அந்தப் பகுதியிலிருந்து கேள்வி வராது என்றார்கள், 2019 இல் உடை பற்றிய அந்த அத்தியாயமே புத்தகத்திலிருந்து போனது. பிழையோடு சேர்த்துப் போராட்டமும் போயிற்று. அதனால்தான் படிவத்தில் ‘தகவல் பிழையா’ என்று தனியாகக் கேட்கிறேன். பிழையென்றால் சரியான தகவலை ஒரு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் ஒட்டுங்கள். மேலே இல்லை, பக்கத்தில்.

மேலே ஒட்டிய அனுபவமும் எனக்கு உண்டு. 2011 இல் ஆட்சி மாறிய கையோடு சமச்சீர் கல்விப் புத்தகங்கள் நின்றுபோயின. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பத்து நாளில் கொடுங்கள் என்றதும் வந்தன. முந்தைய ஆட்சியை நினைவூட்டும் பக்கங்களை மறைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஆசிரியர் அறையில் நாங்கள் ஏழு பேர் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டினோம். காற்றுக் குமிழி விழாமல் அடிஸ்கேலால் தேய்த்துத் தேய்த்து ஒட்டினேன், எதையும் ஒழுங்காகச் செய்கிற புத்தி. இரண்டாவது நாள் ஏழாம் வகுப்புக்குப் போனால், ஜன்னலோரத்தில் பிள்ளைகள் பக்கத்தை வெயிலுக்கு நேரே பிடித்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள். புத்தகத்தில் வேறு எந்தப் பக்கத்தையும் அவ்வளவு ஆசையாகப் படித்து நான் பார்த்ததில்லை.

எடுக்க வேண்டியதும் உண்டு

எல்லாப் புத்தகமும் பள்ளியில் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டமும் இல்லை, அறிவும் இல்லை. நன்கொடை என்ற பெயரில் வரும் சாதிப் பெருமைச் சிறுவெளியீடுகள், பக்கத்து மதத்தைத் திட்டும் துண்டுப் புத்தகங்கள், கிழிந்த நோட்ஸ், நாலு கிலோ பழைய வேலைவாய்ப்பு வழிகாட்டி, இவற்றையெல்லாம் நான் தயங்காமல் கழித்திருக்கிறேன். கழித்தலுக்கும் பதிவேடு உண்டு. தேர்வுக்கும் தடைக்கும் வித்தியாசம் பார்க்க நான் வைத்திருந்த உரைகல் ஒன்றுதான்: யாரும் வந்து சத்தம் போடாமல் இருந்திருந்தால் இதை எடுத்திருப்பேனா? ஆமாம் என்றால் எடுக்கலாம்.

உரக்கடை அண்ணாச்சி இரண்டு வருடம் கழித்து வேறொரு புத்தகத்தோடு திரும்ப வந்தார். இந்தத் தடவை படிவம் கொடுத்து, புத்தகத்தையும் அவர் பெயரில் பதிந்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தார். ‘முழுவதும் படித்தீர்களா’ என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. “வீட்ல அவ படிச்சா, டீச்சர். ராத்திரி பூரா லைட்ட அணைக்கல” என்றார். புகாரைத் திரும்பப் பெறவும் இல்லை. பிளஸ் ஒன்னுக்கு மேல் மட்டும் கொடுங்கள் என்று கேட்டார். குழு ஒத்துக்கொண்டது. எனக்கு அதில் இன்னமும் உடன்பாடில்லை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தாராளமாகப் படிக்கலாம். ஆனால் முடிவு காகிதத்தில் இருக்கிறது, தேதியோடு. எனக்குப் பின்னால் வருகிறவர் அதை எடுத்துப் பார்த்து மாற்றலாம்.

கடைசியாக ஒன்று. ஓய்வு பெறும்போதோ மாறுதல் வரும்போதோ அந்தக் கோப்பைப் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் தனி வரியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், இல்லாவிட்டால் அதுவும் பழைய பேப்பரோடு போய்விடும். நான் ஒப்படைத்த அன்று புதிதாகப் பொறுப்பேற்ற பிள்ளை பட்டியலைப் பார்த்துவிட்டு, “இது எதுக்கு டீச்சர்?” என்று கேட்டாள்.

“ஆடிட்டுக்கு” என்றேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.